மூன்று கட்சிக்கும் ஒரே குரல்

இரண்டு வருஷத்துக்குள் அது மூன்றாவது தேர்தல். முதலில் நகரசபைக்கு வந்தது, பிறகு சட்டசபைக்கு. ஆட்சி கவிழ்ந்து மறுபடியும் சட்டசபைக்கே வந்தபோது ஊர் சலித்துப் போயிருந்தது. கல்லை எறிந்தால் நிமிர்ந்து பார்ப்பார்கள், மைக்கைத் தட்டினால் யாரும் பார்க்க மாட்டார்கள் என்கிற நிலைமை. வீட்டுக்கு வீடு வாசல் கேட்டில் அட்டை தொங்கியது. ‘முடிவு செய்துவிட்டோம், மணி அடிக்க வேண்டாம்’ என்று ஒரு வீட்டில். ‘துண்டறிக்கை வேண்டாம், போன தேர்தலுடையதே இருக்கிறது’ என்று அடுத்த வீட்டில்.

அந்த மூன்று தேர்தலுக்கும் வேனிலும் போனிலும் பேசியது ஒரே பெண்தான். அவளை எல்லோரும் குரல்காரி என்றுதான் சொன்னார்கள். புகைப்படக் கடை ஒன்றின் பின்கட்டில் இருந்த ஒலிப்பதிவு அறைதான் அவளுக்கு வேலையிடம். சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டி, கதவுக்குக் கம்பளி தொங்கவிட்ட அறை. சத்தம் பதிவாகிவிடும் என்று மின்விசிறியை நிறுத்திவிடுவார்கள். உள்ளே போய் அரைமணியில் இட்லிப் பானைக்குள் உட்கார்ந்த மாதிரி உடம்பு வெந்துவிடும்.

சாவிக் கட்சிக்குக் கம்பீரமாகப் பேசவேண்டும். கூடைக் கட்சிக்கு வீட்டுக்கு விருந்தாளியை அழைக்கிற மாதிரி கனிவாக. கரண்டிக் கட்சிக்கு அழவேண்டும்.

“கொஞ்சம் தொண்டை அடைக்கட்டும்மா. ‘உங்கள் பிள்ளை’ன்னு சொல்ற இடத்துல உடையணும்” என்பார் ஸ்டூடியோக்காரர், கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து.

அவள் உடைவாள். முதல் தேர்தலில் அப்படி உடைவதற்குச் செத்துப்போன தன் அம்மாவை நினைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. மூன்றாவது தேர்தலில் யாரையும் நினைக்க வேண்டியிருக்கவில்லை. குழாயைத் திருகினால் தண்ணீர் வருகிற மாதிரி அழுகை வந்தது, திருகினால் நின்றது. அழுது முடித்த கையோடு, “அடுத்தது சாவியா கூடையா சார்?” என்று கேட்பாள்.

ஒரு நாள் சாயந்திரம் அவள் கைபேசிக்கே அழைப்பு வந்தது. “வணக்கம். நான் உங்கள் சகோதரி பேசுகிறேன்…” அவளேதான். மற்றவர்கள் பாதியில் துண்டித்துவிடுவார்கள். அவள் கடைசி வரைக்கும் கேட்டாள். ஒரு இடத்தில் மூச்சு தப்பியிருந்தது. அதைத் தவிர அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை. போனை வைத்துவிட்டு விட்ட இடத்திலிருந்து வெங்காயத்தை நறுக்கினாள்.

வீட்டில் அவளும், அவள் கணவரும், கணவரின் அப்பாவும். கணவர் லிஃப்ட் மெக்கானிக். நாளெல்லாம் ஆளில்லாத இருட்டுக் குழிக்குள் கம்பியும் கப்பியுமாக வேலை செய்கிறவர், பேச்சு என்றால் கணக்குப் பார்த்துப் பேசுவார். ‘இந்த வீட்டுல வாயெல்லாம் மருமகளுக்கு, காதெல்லாம் மகனுக்கு’ என்று மாமனார் நன்றாக இருந்த காலத்தில் கேலி செய்வார்.

மாமனார் தபால் நிலையத்தில் முப்பத்தாறு வருஷம் கடிதம் பிரித்தவர். எந்தத் தெரு எந்தப் பையில் விழவேண்டும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். அந்த மனுஷனுக்கு எழுபத்தாறு வயதில் ஞாபகம் ஒவ்வொரு தெருவாக அழிய ஆரம்பித்தது. எழுபத்தெட்டில் மகனையே, “தம்பி, நீங்க எந்தப் பிரிவு?” என்று கேட்டார். மருமகள் முகமும் மறந்துவிட்டது. தட்டோடு எதிரே வந்து நின்றால், யாரோ வேற்று மனுஷி என்று கூச்சத்தோடு காலை மடக்கிக்கொள்வார். ஆனால் குரல் மறக்கவில்லை. அடுக்களையிலிருந்து அவள், “மாமா, வாங்க” என்றால் போதும். சட்டைப் பொத்தானைச் சரிசெய்துகொண்டு எழுந்து வந்துவிடுவார். குளிக்க, சாப்பிட, படுக்க எல்லாவற்றுக்கும் அந்த ஒரு ‘வாங்க’தான். முகத்தைக் காட்டாமல் அறைக்கு வெளியே நின்று கூப்பிடப் பழகிக்கொண்டாள்.

பிரச்சாரம் தொடங்கிய இரண்டாவது வாரம், தெருமுனையில் கூடைக் கட்சி வேன் போனது. மாமனார் எழுந்தார். பொத்தானைச் சரிசெய்தார். வாசல் வரை போய்விட்டார்.

“எங்க மாமா கிளம்பிட்டீங்க?”

“மருமக கூப்பிடுறா.”

அவள்தான் கேட்டாள், அவளிடம்தான் சொன்னார். எதிர்வீட்டுத் தையற்காரி அதைப் பார்த்து வயிறு குலுங்கச் சிரித்தாள். குரல்காரிக்கும் சிரிப்பு வந்தது. ஸ்டூடியோக்காரரிடம் சொன்னபோது, “ஓட்டு விழாட்டியும் ஒருத்தர் எந்திரிச்சாரே, அதுவே பெரிசு” என்று அவரும் சிரித்தார். நான்காவது வாரத்தில் யாரும் சிரிக்கவில்லை. ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு தடவை எழுந்தார். தாழ்ப்பாளைப் போட்டால் கதவைப் பிடித்துக்கொண்டு, “வந்துட்டேன், வந்துட்டேன்” என்று பதில் சொல்லிக்கொண்டிருந்தார். ‘வாங்க’ என்கிற வார்த்தையை மட்டும் எடுத்துவிடலாமா என்று ஸ்டூடியோக்காரரிடம் கேட்கவேண்டும் என்று நினைத்தாள். நினைத்ததோடு சரி. இன்னும் எட்டு நாள்தானே, இன்னும் ஐந்து நாள்தானே என்று நாள் போய்க்கொண்டிருந்தது.

பிரச்சாரத்தின் கடைசி நாள் காலை பத்து மணிக்கு ஸ்டூடியோவிலிருந்து ஆள் வந்தது. கூடைக் கட்சித் தலைவரின் மைதானக் கூட்டம் மூன்று மணியிலிருந்து இரண்டு மணிக்கு மாறிவிட்டதாம். புதிதாகப் பதிவு செய்யவேண்டும். மாமனாரைத் தையற்காரியிடம் ஒப்படைத்துவிட்டுப் போனாள். தையற்காரி வழக்கம்போல மெஷினை வாசலுக்கு இழுத்துப் போட்டு, எதிர்வாசலில் பெரியவர் கண்ணில் படுகிற மாதிரி உட்கார்ந்தாள்.

அறைக்குள் குரல்காரி கனிவாகச் சொன்னாள். “வாங்க… வாங்க… குடும்பத்தோட வாங்க. உங்களுக்காகவே ஒரு இடம் காத்திருக்கு.” நாலே தடவையில் முடிந்தது. அவள் கம்பளியை விலக்கி வெளியே வருவதற்குள் அது ஆறு வேனுக்கும் போய்விட்டது. பஸ்ஸில் வரும்போது அவற்றில் ஒன்று அவளைத் தாண்டிப் போனது. பக்கத்து இருக்கைக்காரர் கண்ணைத் திறக்காமலே காதுக்குள் விரலை விட்டுக்கொண்டார்.

ஒன்றேகாலுக்குத் தெருவுக்குள் நுழைந்தாள். தையற்காரி நடுத்தெருவில் கையில் அளவு நாடாவோடு நின்றாள்.

“அக்கா, இஸ்திரிப் பெட்டியை அணைக்கத்தான் உள்ள போனேன். ரெண்டு நிமிஷம்கூட இல்லை. திரும்பி வந்தா நாற்காலி காலியா இருக்கு. இந்த நாலு தெருவும் ஓடிப் பாத்துட்டேன்கா.”

“எப்போ?”

“அரைமணி ஆச்சு. வேன் வந்துச்சுல்ல… புதுசா ஒண்ணு போட்டாங்களே.”

குரல்காரி வீட்டுக்குள் போய்ப் பார்த்தாள். நாற்காலியில் துண்டு மடித்தபடி இருந்தது. வாசலில் மாமனாரின் செருப்பு கிடந்தது, கணவரின் செருப்பைக் காணவில்லை. பெரிய செருப்பைப் போட்டுக்கொண்டு போயிருக்கிறார் என்று நினைத்தாள். நெஞ்சு படபடக்கவேண்டும், கை நடுங்கவேண்டும் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். எதுவும் நடக்கவில்லை. பல் பிடுங்குவதற்கு முன்னால் ஊசி போட்ட கன்னம் மாதிரி இருந்தது உடம்பு. கணவருக்குப் போன் செய்து, “மாமாவைக் காணோம், உங்க செருப்பைப் போட்டுட்டுப் போயிருக்கார்” என்று செய்தி வாசிக்கிற மாதிரி சொன்னாள்.

அவர் எண்ணெய்க் கையோடு வந்து சேர்ந்தார். காவல் நிலையத்தில் ஒரே ஒருவர் இருந்தார். “எல்லாரும் பந்தோபஸ்துக்குப் போயிருக்காங்க. எழுதிக் குடுங்க, பாக்கலாம்” என்றார். எழுதிக் கொடுத்துவிட்டு மைதானத்துக்கு ஓடினார்கள். கூட்டம் நெருக்கியடித்தது. மேடைக்கு அருகே போய், ஒரு அறிவிப்பு மட்டும் செய்யவேண்டும் என்று கேட்டாள். தொண்டர் படை ஆள் அவளை ஏற இறங்கப் பார்த்தான்.

“தலைவர் பேசுற நேரத்துல காணாமப்போன அறிவிப்பா? கூட்டம் முடியட்டும்மா.”

“நான்தாங்க இந்தக் கூட்டத்துக்கே கூப்பிட்டது. என் குரல்தான் வேன்ல…”

“எல்லாரும்தாம்மா கூப்பிட்டோம்” என்றான் அவன்.

வரிசை வரிசையாகத் தேடினார்கள். வெள்ளைத் தலைகள் நிறைய இருந்தன. எதுவும் அவர் இல்லை.

மூன்றரை மணிக்கு ஸ்டூடியோக்காரர் ஒரு உதவி செய்தார். சாவிக் கட்சி வேன் ஓட்டுநரைப் பிடித்துக் கொடுத்தார். “அஞ்சு மணி வரைக்கும்தான் மைக் அனுமதி. அதுக்குள்ள சுத்திப் பாத்துக்குங்க” என்றார். கணவர் ஓட்டுநர் பக்கத்தில் உட்கார்ந்து ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வர, குரல்காரி பின்னால் உட்கார்ந்து மைக்கைப் பிடித்தாள்.

“பொதுமக்களின் கனிவான கவனத்துக்கு. எழுபத்தெட்டு வயது முதியவர் ஒருவரைக் காணவில்லை…”

அவள் காதுக்கே அது தெரிந்தது. கரண்டிக்கு அழுகிற குழைவும், கூடைக்கு அழைக்கிற கனிவும் அதில் கலந்திருந்தன. வேறு மாதிரி பேச முயன்றாள். வரவில்லை. மைக் வாய்க்கு முன்னால் வந்ததும் குரல் தானாகப் பழைய தடத்தில் போய் விழுந்தது.

வேன் ஒவ்வொரு தெருவாகப் போனது. அது நுழைய நுழைய, ஜன்னல்கள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டன. மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த ஒருத்தி, இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டாள். “அம்மா தாயே, உனக்கே போடுறோம். போம்மா!” ஒரு சைக்கிள்காரர் வேனுக்குப் பக்கத்திலேயே வந்து, “கடைசி நாள்னதும் புதுசா ஒரு கதை கிளப்புறீங்களா? போன தேர்தல்ல விதவைத் தாய், இந்தத் தேர்தல்ல காணாமப்போன பெரியவரா?” என்று கேட்டுவிட்டு மிதித்துக்கொண்டு போனார்.

புலி வருது கதைதான். நாற்பது நாள் தினமும் புலி வந்தது. இப்போது நிஜப் புலி வந்து நிற்கிறது, எட்டிப் பார்க்க ஒரு தலை இல்லை.

வேனை விட்டு இறங்கிக் கதவைத் தட்டிப் பார்த்தாள். அட்டையைக் காட்டினார்கள். ஒரு வீட்டில் கதவைத் திறக்காமலே உள்ளேயிருந்து, “வெச்சுட்டுப் போங்க” என்றார்கள். எதை வைப்பது என்று தெரியாமல் வாசலில் நின்றாள்.

ஐந்து மணி அடித்தது. நகரத்தில் எங்கோ கடைசியாகக் கேட்டுக்கொண்டிருந்த ஒலிபெருக்கியும் நின்றது. நாற்பத்தோரு நாளுக்குப் பிறகு வந்த அந்த அமைதி காதில் ரீங்காரமாக இருந்தது. ஓட்டுநர் வேனை ஓரங்கட்டி, கூரைமேல் ஏறி ஒலிபெருக்கியைக் கழற்றத் தொடங்கினார். அதற்குள் தேர்தல் பறக்கும் படையின் ஜீப் வந்து நின்றது. இறங்கிய அதிகாரி சவரம் செய்து நாலு நாள் இருக்கும். கண்ணில் தூக்கம் கட்டிக் கிடந்தது.

“நேரம் முடிஞ்சு மூணு நிமிஷம் ஆச்சு. இன்னும் என்ன மைக்?”

குரல்காரி சொன்னாள். அவர் பாதியிலேயே கையை உயர்த்தினார்.

“இருங்க, இருங்க. நீங்கதானா அது? என் பொண்ணு சின்னவ, உங்களை மாதிரியே பேசிக் காட்டுவா. வீட்டுக்குப் போய் ஒன்பது நாளாச்சு.” முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். “பாருங்கம்மா, நீங்க சொல்றது நிஜமாவே இருக்கட்டும். ஆனா இந்த நேரத்துல உங்க குரல் கேட்டா, என்ன பேசினாலும் பிரச்சாரம்னுதான் அர்த்தம். மூணு கட்சிக்காரனும் ஒருத்தன்மேல ஒருத்தன் புகார் குடுப்பான். வேற யாராவது பேசட்டும். அரைமணி நேரம். காணாமப்போனவருக்கான அறிவிப்புன்னு நான் எழுதிக்கிறேன், பின்னாலயே வர்றேன்.”

வேறு யார் இருக்கிறார்கள்? எல்லோரும் லிஃப்ட் மெக்கானிக்கைப் பார்த்தார்கள். அவர் ஓட்டுநரைப் பார்த்தார். ஓட்டுநர் ஒலிபெருக்கியை மறுபடி முடுக்கிக்கொண்டிருந்தார்.

“எனக்குப் பேச வராதே” என்றார் கணவர்.

“வராட்டியும் பேசுங்க” என்றாள் அவள்.

மைக்கை அவர் வாயோடு ஒட்டிப் பிடித்ததில் முதலில் கீச்சென்று ஒரு சத்தம். பிறகு மூச்சு. பிறகு, “அலோ… அலோ. என் அப்பாவைக் காணோம்.” நிறுத்தினார். அடுத்து என்ன சொல்வது என்று தெரியாமல் நிறுத்தியது தெருவுக்கே கேட்டது. “நான் லிஃப்ட் வேலை பாக்குறேன். எனக்கு… இப்படியெல்லாம் பேசிப் பழக்கமில்லை. எங்கப்பாவுக்கு எழுபத்தெட்டு வயசு. நீலச் சட்டை. பேர் கேட்டா சொல்லமாட்டார். மறந்துபோச்சு. என்னோட செருப்பைப் போட்டுட்டுப் போயிருக்கார். அது அவருக்குப் பெரிசு. அதனால… அதனால மெதுவாத்தான் நடந்திருப்பார். ரொம்ப தூரம் போயிருக்கமாட்டார். யாராவது பாத்தா உக்கார வைங்க. அவ்வளவுதான்.”

அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டு, மறுபடியும் முதலிலிருந்து அதையே சொன்னார், வார்த்தைகள் முன்னும் பின்னுமாக.

முதல் தெருவில் ஒரு ஜன்னல் திறந்தது. அடுத்த தெருவில் வாசலுக்கு வந்து நின்றார்கள். மாடியில் துணி உலர்த்தினவள் படியிறங்கி ஓடிவந்து, “எந்தப் பக்கம் போனார்னு தெரியுமா?” என்று கேட்டாள். சற்று முன்னால் இதே வேனைக் கும்பிட்டு அனுப்பியவள். வேனுக்குப் பின்னால் இரண்டு பேர் நடக்க ஆரம்பித்தார்கள். பிறகு ஏழெட்டுப் பேர். குரல்காரி வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

ஆறாவது தெருவில் ஒரு மாடிவீட்டின் கீழ்க்கட்டிலிருந்து முடியை அள்ளிச் சொருகியபடி ஒரு பெண் வெளியே வந்து இரண்டு கையையும் ஆட்டினாள்.

“நீலச் சட்டையா? பெரிய செருப்பா? எங்க வீட்டுலதான் இருக்கார்!”

அவள் அரசு மருத்துவமனையில் இரவுப்பணி செவிலி. பகலில் தூங்கி எழுகிறவள். இரண்டு மணி வாக்கில் தண்ணீர் குடிக்க எழுந்தபோது, வாசற்படியில் பெரியவர் ஒருவர் சுருண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்தாளாம். தலையில் கரண்டிக் கட்சித் தொப்பி, சட்டையில் சாவிக் கட்சி வில்லை, கையில் கூடைக் கட்சி விசிறி. வழியில் யார் யாரோ மாட்டிவிட்டிருக்கிறார்கள். எந்தக் கட்சி ஆள் என்று எந்தக் கட்சியிடம் கேட்பது? நாடி பார்த்து, உப்புச் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்து உள்ளே உட்கார வைத்திருக்கிறாள். காவல் நிலையத்துக்கு மூன்று தடவை போன் செய்தாளாம், யாரும் எடுக்கவில்லை.

“நாலு மணிக்கு இந்தத் தெருவுல போனோமே” என்றாள் குரல்காரி.

செவிலி அவளை நிமிர்ந்து பார்த்தாள். குரலைக் கேட்டதும்தான் அடையாளம் தெரிந்தது.

“போனீங்க. உங்க சத்தம் கேட்டதும் இவர் எந்திரிச்சுட்டார். ‘கூப்பிடுறா, கூப்பிடுறா’ன்னு கதவுகிட்டப் போயிட்டார். நான்தான் பிடிச்சு உக்கார வெச்சேன். அப்புறம்…” அவள் சற்று நிறுத்தினாள். “அப்புறம் ஜன்னலைச் சாத்திட்டேன். என்ன சொல்றீங்கன்னு நான் கேக்கவே இல்லைங்க. நாற்பது நாளாப் பகல்ல தூக்கம் கிடையாது. உங்க குரல் வந்தா கை தானாப் போய்ச் சாத்திடும்.”

குரல்காரியும் கணவரும் வீட்டுக்குள் போனார்கள்.

உள்ளே மாமனார் மர நாற்காலியின் நுனியில், எந்த நேரமும் கிளம்பத் தயாராக உட்கார்ந்திருந்தார். மகன் குனிந்து அவர் காலைப் பார்த்தார். செருப்பின் வார் உரசி இரண்டு காலிலும் தோல் உரிந்திருந்தது. மருமகள் எதிரே போய் நின்றாள். பெரியவர் வழக்கம்போலக் காலை மடக்கிக்கொண்டார்.

“யாரும்மா நீங்க?”

அவள் கதவுக்கு வெளியே வந்து, சுவரோரமாக நின்றுகொண்டு கூப்பிட்டாள். “மாமா, வாங்க.”

நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. சட்டைப் பொத்தானைத் தடவிக்கொண்டே வந்தார்.

“எத்தனை தடவைம்மா கூப்பிடுவே?” என்றார். “வந்துக்கிட்டேதானே இருக்கேன்.”

கணவர் சுவர்ப் பக்கம் திரும்பி அழுதார். பின்னால் வந்திருந்த, மாடியில் துணி உலர்த்தின பெண் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பறக்கும் படை அதிகாரிகூட ஜீப்பில் எதையோ தேடுகிற மாதிரி குனிந்துகொண்டார். கரண்டிக் கட்சிக்காக ஒரே நாளில் பதினேழு தடவை அழுத குரல்காரிக்குக் கண்ணில் ஈரம் தட்டவில்லை. மாமனாரின் கையைப் பிடித்து வேனில் ஏற்றினாள். அவர் தலையிலிருந்த தொப்பியை எடுத்தாள், வில்லையைக் கழற்றினாள், விசிறியை மட்டும் வெக்கையாக இருந்ததால் வைத்துக்கொண்டாள்.

இரண்டு நாள் கழித்து வாக்களித்துவிட்டு வந்தார்கள். மூன்று கட்சியில் ஒரு கட்சி ஜெயித்தது. எது ஜெயித்திருந்தாலும் அவள் குரல்தான் ஜெயித்திருக்கும், எது தோற்றிருந்தாலும் அவள் குரல்தான் தோற்றிருக்கும் என்று தையற்காரி சொல்லிச் சிரித்தாள். மாமனாரின் கால் ஆற மூன்று வாரம் ஆயிற்று.

நான்கு மாதம் கழித்து நாளிதழில் ஒரு சின்ன அறிவிப்பு வந்தது. பிரச்சார முறைகளைத் திருத்துவது பற்றிப் பொதுமக்களின் கருத்துக் கேட்கிறார்களாம், நகராட்சி மன்றத்தில், காலை பதினோரு மணிக்கு. கணவர் அதைக் கத்தரித்து அவள் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வேலைக்குப் போனார்.

அவள் போனாள். இருநூறு நாற்காலி போட்டிருந்தார்கள், முப்பது பேர் வந்திருந்தார்கள். மேசைக்குப் பின்னால் மூன்று அதிகாரிகள், ஓரத்தில் ஒரு தட்டச்சர். வந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து சொன்னார்கள். கணக்கு வாத்தியார் ஒருவர், பிரச்சாரத்தைப் பத்து நாளாகக் குறைக்கவேண்டும் என்றார். “நாற்பது நாள்ல சொல்லாததை நாற்பத்தோராவது நாள்ல எவனும் சொல்லலை.” ஒரு பெண், எல்லா வேட்பாளரையும் ஒரே கூடத்தில் உட்கார வைத்துக் கேள்வி கேட்கலாம், விருப்பமுள்ளவர்கள் வந்து கேட்டுக்கொள்வார்கள் என்றாள். பூட்டு ரிப்பேர் செய்கிறவர் ஒருவர் எழுந்தார். “தேர்தலுக்கு முன்னால ஒரு தடவை கதவைத் தட்டினா, ஜெயிச்ச பிறகு மூணு தடவை தட்டணும்னு சட்டம் போடுங்க. அப்புறம் எவனும் தட்டமாட்டான்.” அதிகாரிகளும் சிரித்துவிட்டார்கள். இரவுப்பணி செவிலியும் வந்திருந்தாள். மத்தியானம் ஒரு மணியிலிருந்து நாலு மணிவரை ஊரில் எந்த ஒலிபெருக்கியும் கூடாது என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

குரல்காரி மைக்குக்கு முன்னால் போய், “வணக்கம்” என்றாள்.

“ஐயையோ, இவங்களா!” என்று பின்வரிசையில் யாரோ சத்தமாகவே சொன்னார்கள். கூடம் முழுக்கச் சிரிப்பு. ஒருவர் விளையாட்டாகக் காதைப் பொத்திக்கொண்டார்.

அவள் மைக்கை விட்டு நகர்ந்து மேசைக்குப் பக்கத்தில் போய் நின்றாள். வெறும் குரலில், எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் ஆரம்பித்தாள்.

“சார், மூணு கட்சிக்கும் நான்தான் பேசினேன். அவங்க எழுதிக் குடுத்தாங்க, நான் படிச்சேன். ‘உங்கள் பிள்ளை’ன்னேன், ‘உங்கள் சகோதரி’ன்னேன். நான் யாருக்கும் எதுவும் இல்லை. கேக்குறவங்களும் நம்பலை, பேசின எனக்கும் ஒண்ணும் தோணலை. யாருக்கும் எதுவும் தோணாத ஒரு பேச்சை எதுக்கு சார் ஊர் முழுக்கப் போடணும்?” மூச்சு வாங்கினாள். “என்னோட யோசனை ஒண்ணுதான். நிக்கிறவங்க அவங்க குரல்லயே பேசட்டும். திக்கினாலும் பரவாயில்லை, நடுவுல நிறுத்தினாலும் பரவாயில்லை. எங்க வீட்டுக்காரர் ஒரு நாள் அப்படிப் பேசினார். தெருவே வெளிய வந்துச்சு.”

நடுவில் இருந்த அதிகாரி பேனாவை மூடித் திறந்தார். “நல்ல யோசனைதாம்மா. ஆனா ஒரு வேட்பாளர் எத்தனை தெருவுலதான் பேசுவார்? அவர் குரல்தானான்னு யார் சரிபாக்குறது? இதை எப்படி அமல்படுத்துறது?”

“அது எனக்குத் தெரியாது சார்.”

“வேற ஏதாவது?”

அவள் யோசித்தாள். “‘வாங்க’ன்னு கூப்பிட்டா, கிளம்பி வந்தவங்க பத்திரமா வந்து சேர்ந்தாங்களான்னு யாராவது பாக்கணும் சார்.”

தட்டச்சர் நிமிர்ந்து அதிகாரியைப் பார்த்தார். இதையும் தட்டச்சு செய்வதா என்று கேட்கிற பார்வை. அதிகாரி தலையசைத்தார்.

அறிக்கை ஏழு மாதம் கழித்து வந்தது. மத்தியான அமைதி ஏற்கப்பட்டிருந்தது. பத்து நாள் என்பது முப்பது நாளாகியிருந்தது. பூட்டுக்காரரின் சட்டம் எங்கேயும் இல்லை. குரல்காரி சொன்னது பிற்சேர்க்கையில், ‘பரிசீலனைக்குரியவை’ என்ற தலைப்பின் கீழ் நூற்றுப்பதினான்காவதாக இருந்தது. கிணற்றில் போட்ட கல் என்றாலும், கல் கிணற்றில்தான் இருக்கிறது என்று தெரிந்தது. அதைப் படித்துச் சந்தோஷப்படலாமா வருத்தப்படலாமா என்று பார்த்தாள். இரண்டும் வரவில்லை.

அடுத்த தேர்தலுக்கு ஸ்டூடியோக்காரர் கூப்பிட்டபோது, வரவில்லை என்றாள். அவர் வற்புறுத்தவில்லை. “பரவாயில்லைம்மா, உங்க பழைய பதிவெல்லாம் இருக்கு. அதை வெச்சு மெஷினே புதுசாப் பேசிடுதாம்” என்றார். என் குரலில் இனி ஒரு வார்த்தை வெளியே வந்தால் அதே பறக்கும் படை அதிகாரியிடம் போய் நிற்பேன் என்று சொல்லிப் போனை வைத்தாள். குரலை உயர்த்தாமல்தான் சொன்னாள். அது அவருக்கு உறைத்திருக்கவேண்டும். அந்தத் தேர்தலில் வேறு ஒரு பெண் பேசினாள். அந்த வேன் தெருமுனையில் போனபோது, மாமனார் திரும்பிக்கூடப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

செவிலிதான் அந்த வேலையைச் சொன்னாள். மருத்துவமனையில் புறநோயாளிகள் பிரிவில் சீட்டு எண்ணைக் கூப்பிட ஒரு ஆள் தேவைப்பட்டது. சின்னக் கண்ணாடிக் கூண்டு, ஒரு மைக், எதிரே நீள நீளமாகப் பெஞ்சுகள். முதல் நாள் காலை எட்டு மணிக்கு அவள் உட்கார்ந்தாள். பெஞ்சுகளில் நூறு பேருக்குமேல் இருந்தார்கள். மைக்கைத் தட்டியதும் நூறு தலையும் நிமிர்ந்தது. இவர்கள் எதற்கு என்னைப் பார்க்கிறார்கள் என்று அவளுக்கு ஒரு கணம் புரியவில்லை.

“ஒண்ணாம் நம்பர்” என்றாள். குரல் சற்று நடுங்கியது. “வாங்க.”

மூன்றாவது பெஞ்சிலிருந்து, கழுத்தில் பட்டை கட்டிய ஒருவர் கையை ஊன்றி மெல்ல எழுந்தார். அவர் பெஞ்சைச் சுற்றிக்கொண்டு, தடுமாறி, சுவரைப் பிடித்துக்கொண்டு டாக்டரின் அறைக்குள் போய்ச் சேரும் வரைக்கும் அவள் அடுத்த எண்ணைக் கூப்பிடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.